பார்ட்டி லிஸ்ட் வெளியே போய்விட்டதா? முதலில் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுங்கள்

என் அம்மா ஏற்காட்டில் இருக்கிறார். வயது 74. வெள்ளி வியாபாரத்துக்கும் அவருக்கும் உள்ள ஒரே தொடர்பு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் வீட்டுக்கு என்னைக் கட்டிக் கொடுத்தது மட்டும்தான். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் தொடங்கும் சமயம், ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"ஏன் கண்ணு, எனக்கு வாட்ஸப்புல ஒரு மெசேஜ் வந்திருக்குது. 'அன்னம் ஜுவல்லரி ஓனர் அவர்களுக்கு வணக்கம், கொலுசு புது மாடல் வந்துள்ளது'ன்னு போட்டிருக்குது. நான் எப்ப நகைக்கடை ஓனரானேன்?"

சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் வயிற்றைப் பிசைந்தது. 12 வருடத்துக்கு முன்பு கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருள் போட்டபோது, சோதித்துப் பார்க்க ஒரு பார்ட்டி பெயர், அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் கடையின் பெயர், கேட்டார்கள். வாயில் வந்த அம்மா பெயரைச் சொன்னேன்; போன் நம்பரும் அவருடையதையே கொடுத்தேன். அதை அப்புறம் யாரும் அழிக்கவில்லை. அன்னம் ஜுவல்லரி என்று ஏற்காட்டில் எங்களுக்கு ஒரு பார்ட்டி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எங்கள் டேலிக்குள் மட்டும்தான் அந்தக் கடை உண்டு.

மெசேஜ் போட்ட நம்பர், 3 வாரத்துக்கு முன் எங்களிடம் வேலையை விட்டுப் போன கணக்காளர் தம்பி சேர்ந்திருந்த கடையினுடையது. 9 வருடம் எங்களிடம் கணக்குப் பார்த்தவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பெயர் இங்கே வேண்டாம்.

பெரிய கம்பெனிகளுக்கு இதற்கென்று தனி ஆள், தனி வக்கீல் இருப்பார்கள். லீ பஜார் மண்டி, ஜவ்வரிசி ஆலை, தறிப் பட்டறை, எங்களைப் போன்ற கொலுசுக் கடை என்று 5 பேர் முதல் 50 பேர் வரை வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. அவர்களுக்காக எழுதுகிறேன். நான் சரியாகச் செய்தது கொஞ்சம், கெடுத்துக்கொண்டது அதிகம். இரண்டையும் சொல்கிறேன்.

அன்று ராத்திரி நான் கெடுத்தது

கோபத்தில் முதல் போன் என் அண்ணன் மகனுக்குப் போட்டேன். இன்ஜினியரிங் படிக்கிறான், கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற நம்பிக்கை. வந்தான். தம்பி பயன்படுத்திய கம்ப்யூட்டரைப் போட்டான். அழித்த ஃபைலை மீட்கிற மென்பொருள் ஒன்றை இறக்கி அதே டிஸ்க்கில் நிறுவினான். தன்னுடைய பென் டிரைவ் மூன்றை மாற்றி மாற்றிச் செருகினான். கடைசியில் "இனிமே அந்தாளு உள்ள வரவே முடியாது அத்தை" என்று தம்பி பெயரில் இருந்த விண்டோஸ் கணக்கையே அழித்துவிட்டான். நான் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வக்கீல் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். எந்தப் பென் டிரைவ் எப்போது செருகப்பட்டது, எந்த ஃபைல் எப்போது திறக்கப்பட்டது என்பதையெல்லாம் விண்டோஸ் தனக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். சாட்சி என்றால் அதுதான் சாட்சி. அதன் மேலேயே நாங்கள் நடந்துவிட்டோம். அழிந்த ஃபைல் இருந்த இடத்தில்தான் மீட்கும் மென்பொருளே போய் உட்கார்ந்திருந்தது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் அணைந்தபடியே இருக்கட்டும். ஓடிக்கொண்டிருந்தால் திரையில் தெரிவதைப் போட்டோ எடுங்கள், மவுஸைத் தொடாதீர்கள், தடயவியல் தெரிந்தவரிடம் போனில் கேட்டு அவர் சொல்கிறபடி அணையுங்கள். முகூர்த்த சீசனில் கடையை மூடிவைக்க முடியாதுதான். அதற்கு வழி: புது டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டு, பழைய பேக்கப்பை ஏற்றி வியாபாரத்தை நடத்துங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். புது டிஸ்க் ஒரு ஜோடி கொலுசு விலைகூட வராது.

எங்கள் டிஸ்க்கைத் தாமதமாகத்தான் கழற்றினோம் என்றாலும் முறையாகச் செய்தோம். சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ. பழுப்புக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலேயே நானும் பக்கத்துக் கடை அண்ணனும் கையெழுத்து, தேதி, நேரம். கட்டி வெள்ளி வைக்கிற லாக்கரில் கவர் ஏறியது. அதிலிருந்து யார் எப்போது எடுத்தார்கள், யார் எப்போது திருப்பி வைத்தார்கள் என்று ஒரு நோட்டு. பிறகு நிபுணர் வந்து, டிஸ்க்கில் எதுவும் புதிதாக எழுதாதபடி தடுக்கும் கருவியை நடுவில் வைத்து இரண்டு நகல் எடுத்தார். ஒவ்வொரு நகலுக்கும் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை வந்தது. ஹேஷ் என்கிறார்கள். டிஸ்க்கில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசை மொத்தமாக மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சாட்சியோடு கொடுக்கும் சான்றிதழில் இந்த வரிசையைக் கேட்கிறது. சான்றிதழ் இரண்டு பகுதி: ஒன்றில் கம்ப்யூட்டரின் பொறுப்பாளர், அதாவது நான், இன்னொன்றில் நிபுணர். பழைய சட்டத்தில் 65பி என்று வக்கீல்கள் சொன்னது இதைத்தான்.

சிசிடிவியையும் அன்றே கவனியுங்கள். கேமராப் பதிவைச் சேமிக்கும் எங்கள் டிவிஆர் பெட்டி 15 நாள் பதிவுதான் வைத்திருக்கும். அதற்கு மேல் பழையதன் மீதே எழுதிக்கொண்டு போகும். எங்களுக்குத் தெரிய வந்தபோது 3 வாரம் ஓடிவிட்டது.

எங்களைக் காப்பாற்றியது இரண்டு. ஒன்று, கடை ஜிமெயிலின் அனுப்பிய பெட்டி. வேலையை விடுவதற்கு 6 நாள் முன்பு, இரவு 9:40-க்கு, டேலி பேக்கப் தம்பியின் சொந்த மெயிலுக்குப் போயிருந்தது. அதை வெறுமனே பிரிண்ட் எடுத்தால் போதாது. மெயிலின் மூல வடிவத்தைக் காட்டும் வசதி ஜிமெயிலிலேயே இருக்கிறது. அதைத் திறந்து முழுத் தலைப்பு விவரத்தோடு இறக்கி வையுங்கள். இன்னொன்று அம்மாவின் போன். ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். செய்தி வந்த போனேதான் அசல். அம்மாவோ போன் நிரம்பிவிட்டது என்று வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் அழிக்கிற ரகம். அன்று மத்தியானமே 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், போனைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கதவுகளை அடைப்பது

படம் எடுத்த பிறகு அடையுங்கள். இந்த வரிசை முக்கியம். பாஸ்வேர்டை மாற்றி எல்லா இடத்திலும் வெளியேற்றுவதற்கு முன், எந்தெந்தப் போனில், எந்தெந்த ஊரிலிருந்து கணக்கு திறந்திருக்கிறது என்கிற பக்கத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெளியேற்றிய பின் அந்தப் பட்டியல் அதே மாதிரி இருக்காது.

பாஸ்வேர்டு என்றதும் எல்லாருக்கும் மெயிலும் டேலியும்தான் ஞாபகம் வரும். எங்களிடம் தம்பியின் கை இருந்த இடங்களை எண்ணினேன்: ஜிஎஸ்டி தளத்தில் ஓடிபி போகும் மொபைல், சரக்கு அனுப்ப எடுக்கும் மின்வழிச்சீட்டு (இ-வே பில்) தளத்தின் துணைப் பயனர், வங்கியின் இணையக் கணக்கில் பணம் அனுப்ப ஏற்றிவைக்கும் உரிமை, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், டிவிஆர் பாஸ்வேர்டு, கூகுள் டிரைவில் பகிர்ந்து வைத்த மாடல் போட்டோக்கள், வாட்ஸப்பில் இணைத்த சாதனம். அதற்கு மேல் ஏனிடெஸ்க், வெளியிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள். கொரோனா சமயம் வீட்டிலிருந்து பில் போடுவதற்காக, இங்கே யாரும் அனுமதி அழுத்தாமலே உள்ளே வரும்படி வைத்திருந்தோம். 4 வருடமாக அந்தக் கதவு தாழில்லாமல் கிடந்திருக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை, கடையின் வாட்ஸப் நம்பர். பார்ட்டிகள் எல்லாரும் ஆர்டர் போடுகிற நம்பர் அது. அந்த சிம் தம்பி பெயரில் இருந்தது. 9 வருடத்துக்கு முன் அவசரத்துக்கு அவருடைய ஆதாரைக் கொடுத்து வாங்கிய சிம். போகும்போது சிம்மைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் சிம் கம்பெனியின் கணக்கில் அவர்தான் உரிமையாளர், நாளைக்கே டூப்ளிகேட் சிம் வாங்க முடியும். உங்கள் கடை சிம் யார் பெயரில் இருக்கிறது என்று இதைப் படித்ததும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நாங்கள் புது நம்பர் வாங்கி 340 பார்ட்டிக்கும் சொன்னோம். அந்தச் செய்தியை எழுதத்தான் ஒரு மணி நேரம் ஆனது. என் முதல் வரைவில் "துரோகி" என்று இருந்தது. வக்கீல் வெட்டிவிட்டு மிச்சம் வைத்தது இவ்வளவுதான்: "எங்கள் கடை எண் மாறியுள்ளது. இனி ஆர்டர், பணம், வெள்ளி அனுப்புவது எல்லாம் இந்த எண்ணில் பேசி உறுதி செய்த பிறகே. முன்பு எங்களிடம் பணியாற்றிய கணக்காளர் இப்போது எங்கள் சார்பில் பேச அதிகாரம் பெற்றவர் அல்ல." மூன்றும் உண்மை, ஒன்றும் வசை இல்லை. வசை எழுதினால், குற்றங்களுக்கான புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்கு நம் பக்கம் திரும்பும். 2 வருடம் வரை தண்டனை உண்டு. போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்து "இவரிடம் ஏமாறாதீர்" என்று போடுவது நம் பஜாரில் சகஜம். செய்யாதீர்கள்.

இன்னொன்று. தம்பியின் சொந்த ஜிமெயில் அந்தக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் திறந்தபடியே இருந்தது. அண்ணன் மகன் விரலை மவுஸில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். ஏனோ வேண்டாம் என்றேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது. அடுத்தவர் கணக்கை அனுமதியில்லாமல் திறந்தால், அவர் மேல் நாம் போடப் போகிற அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை அவர் நம் மேல் போடலாம்.

அவருடையது எது, உங்களுடையது எது

இதில்தான் முதலாளிகள் எல்லாரும் தடுக்கி விழுகிறோம். நானும் விழுந்தேன். "எங்க பார்ட்டிகிட்ட அவன் எப்படிப் பேசலாம்?" என்று வக்கீலிடம் கத்தினேன். பேசலாம் என்றார்.

9 வருடம் எங்களிடம் இருந்ததால் எந்த ஊர்க்காரருக்குச் சலங்கை நிறைய வேண்டும், யார் ஐப்பசியில்தான் பணம் கட்டுவார், யாரிடம் பேரம் பேசாமல் முடிக்கலாம் என்பதெல்லாம் தம்பியின் தலைக்குள் இருக்கிறது. அது அவர் சம்பாதித்தது. எங்களிடம் 20 ரூபாய் பத்திரத்தில் ஒரு ஒப்பந்தம் இருந்தது: வேலையை விட்டபின் 3 வருடம் சேலம் மாவட்டத்தில் இதே தொழில் செய்யக்கூடாது என்று. வக்கீல் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையில் இருக்கும்வரை கட்டுப்படுத்தலாம். விட்ட பிறகு முடியாது. உச்ச நீதிமன்றம் 1980-இலேயே இதைச் சொல்லிவிட்டது.

ஆனால் பேக்கப் ஃபைல் தலைக்குள் இருப்பது அல்ல. 340 பார்ட்டியின் பெயர், நம்பர், ஒவ்வொருவருக்கும் நாங்கள் போடும் டச் (வெள்ளியின் சுத்தத்துக்குப் போடும் கணக்கு), கிலோவுக்கு என்ன கூலி, பாக்கி எவ்வளவு, எந்தப் பட்டறைக்கு எவ்வளவு முன்பணம் என்று கடை மொத்தமும் அதற்குள் இருந்தது. பார்ட்டிக்குப் பார்ட்டி டச் மாறும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்; அந்த எண் கையில் இருந்தால் அரை டச் குறைத்துச் சொல்லிச் சுலபமாக ஆளைத் தூக்கலாம். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் இப்படித் தொகுத்த கணினிப் பட்டியலையும் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் சேர்க்கிறது. என் டேலியும் இலக்கியம் என்று கேட்டபோது அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. வேலையின் பகுதியாகச் செய்த தொகுப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்கே சொந்தம்.

வக்கீல் இரண்டு டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 1995-இல், தபால் மூலம் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை நகல் எடுத்துப் போன முன்னாள் ஊழியருக்குத் தடை விழுந்தது. 2006-இல், ஒரு வங்கியை விட்டுப் போன அதிகாரி பழைய வாடிக்கையாளர்களை அணுகக்கூடாது என்று வங்கி கேட்ட தடை கிடைக்கவில்லை. பட்டியலைக் கேட்டால் நிற்கும், மனிதர்களைக் கேட்டால் நிற்காது. இதற்கென்று தனியாக வணிக ரகசியச் சட்டம் ஒன்று வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அது வரும்வரை இருக்கிற சட்டங்களை ஒட்டுப்போட்டுத்தான் போக வேண்டும்.

ஆகவே நிபுணரிடமும் வக்கீலிடமும் போவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: என்ன போனது, அது எந்தத் தேதி வரைக்குமான தகவல், எந்த வழியாகப் போனது, அதைப் பார்க்க யார் யாருக்கு அனுமதி இருந்தது, இப்போது அது பயன்படுகிறது என்பதற்கு என்ன அடையாளம். கடைசிக் கேள்விக்கு எங்களிடம் அம்மா இருந்தார்.

நோட்டீஸ், ஸ்டேஷன், கோர்ட்

வக்கீல் நோட்டீஸ் இரண்டு பேருக்குப் போக வேண்டும்: போனவருக்கும், அவரை இப்போது வேலைக்கு வைத்திருப்பவருக்கும். புது முதலாளிக்குப் பல சமயம் விஷயமே தெரியாது; தெரிந்த பிறகும் பயன்படுத்தினால் அவரும் சிக்குவார். நோட்டீஸில் "திருடினாய்" என்று நாம் தீர்ப்பு எழுதக்கூடாது. இந்தத் தேதியில், இந்த மெயிலுக்கு, இந்த ஃபைல் போயிருக்கிறது, பயன்படுத்துவதை நிறுத்துங்கள், எங்கெங்கே நகல் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள், நாங்கள் சொல்லும்வரை அழிக்காதீர்கள், 7 நாளில் பதில். அழிக்காதீர்கள் என்பதைக் கண்டிப்பாகச் சேருங்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டால், எவ்வளவு போனது என்று அதன் பிறகு தெரியவே தெரியாது.

போலீஸ் புகாருக்குச் சேலம் மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் குற்றப் பிரிவு ஸ்டேஷன் உண்டு. கடை எந்த எல்லையில் வருகிறது என்று பார்த்துப் போங்கள். 1930 என்ற எண் பெரும்பாலும் பணம் பறிபோனதற்கு. கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் முதல் நிமிடமே அதை அழையுங்கள். தகவல் திருட்டுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியலாம், நேரிலும் போகலாம். நேரில் போனால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

புகாரில் வரும் பிரிவுகள்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-உம் 66-உம். அனுமதியில்லாமல் நகல் எடுத்தது 43. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்திருந்தால் 66, 3 வருடம் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு நம்பி ஒப்படைத்ததை ஊழியர் மோசம் செய்தது, பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, 7 வருடம் வரை. எண்களைப் பார்த்து "உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க" என்று கனவு காணாதீர்கள். 66 ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும், அவர் மேசையில் நம்முடையது மாதிரி நிறைய இருக்கும். அதனால் புகாரை 2 பக்கத்துக்குள், தேதி வரிசையில், இணைப்புகளுக்கு எண் போட்டுக் கொடுங்கள். 9 வருடம் சோறு போட்ட கதை அதில் வேண்டாம். நான் எழுதிய முதல் புகாரில் தம்பியின் கல்யாணத்துக்கு நாங்கள் செய்த மொய்கூட இருந்தது.

உண்மையில் நமக்கு வேண்டியது அவர் ஜெயிலுக்குப் போவதா, லிஸ்ட் பயன்படாமல் நிற்பதா? நிற்பதுதான் என்றால் சிவில் கோர்ட்டுதான் பாதை. அஸ்தம்பட்டி கோர்ட்டிலேயே தடையுத்தரவு கேட்கலாம். பதிப்புரிமை வழக்கை நம் தொழில் நடக்கும் ஊரிலேயே போடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தாமதம் செய்தவருக்கு அவசரத் தடை கிடைப்பது கஷ்டம். "ஆறு மாசம் சும்மா இருந்துட்டு இப்ப என்னம்மா அவசரம்?" என்று கேட்டால் பதில் இருக்காது. நஷ்ட ஈடு மட்டும் வேண்டும் என்றால் இன்னொரு வழி, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருக்கிறார். 5 கோடி ரூபாய் வரை அவரிடமே கேட்கலாம்.

சம்பளத்தை மட்டும் பிடிக்காதீர்கள். தம்பிக்கு 11 நாள் சம்பளம் பாக்கி இருந்தது. வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் நிறுத்து என்றார்கள். வக்கீல் அன்றே வங்கி வழியாக அனுப்பச் சொன்னார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத்தொகுப்பில் கெடு இன்னும் தெளிவு: வேலையை விட்டவருக்கு 2 வேலைநாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பிடித்து வைத்தால் அவர் கையில் ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

பேக்கப்பில் இருந்த 23 பேர்

பார்ட்டி லிஸ்ட்டிலேயே கண்ணாக இருந்ததில், அதே ஃபைலோடு போன இன்னொரு ஃபோல்டரை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். எங்களுக்கு வேலை செய்யும் 23 பேருடைய ஆதார் நகல், வங்கிக் கணக்கு, போன் நம்பர், முன்பணக் கணக்கு. பனங்காடு என்ற பகுதியில் குடும்பமாக உட்கார்ந்து சலங்கை பூட்டுகிறவர்கள். அவர்கள் என்னை நம்பிக் கொடுத்த காகிதம்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வெட்கம்தான் காரணம். பிறகு பனங்காட்டுக்கே போய் ஒவ்வொருவரிடமும் நேரில் சொன்னேன்: உங்கள் ஆதார் நகல் வெளியே போயிருக்கிறது, தப்பு எங்களுடையது, யார் ஓடிபி கேட்டாலும் சொல்லாதீர்கள், கடை பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஆதாரின் கைரேகைப் பூட்டைப் போட வேண்டும். எம்ஆதார் செயலியில் போடலாம், தெரியாதவர்களுக்கு 1947 என்ற எண். 6 பேருக்கு நானே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். ஒரு பாட்டி கேட்டார்: "முன்பணம் எவ்ளோ வாங்கியிருக்கேன்னும் அதுல இருக்குதா? என் மருமவளுக்குத் தெரியக் கூடாதே." தரவுப் பாதுகாப்பு என்றால் என்ன என்று அவரைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

சட்டமும் இதற்கு வந்துகொண்டிருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கசிவு நடந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும், வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம். இந்தக் கடமைகள் விதிகள் வந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. இது தவிர, 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, கசிவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. உங்கள் கடைக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள். நான் மூன்றாம் நாள் கேட்டேன்.

இப்போது எங்களிடம் இருப்பது கடைசி 4 எண் மட்டும் தெரிகிற ஆதார் நகல்.

அவர் கேட்ட கேள்வி

நோட்டீஸ் போன ஐந்தாம் நாள் தம்பி மாமனாரோடு வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். புது முதலாளியே அனுப்பி வைத்திருந்தார். முதல் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் கேட்டது: "அக்கா, அந்த லிஸ்ட்டு முழுக்க நான்தானே அடிச்சேன்? ஒவ்வொரு பார்ட்டி நம்பரும் நான் கேட்டு வாங்குனதுதானே?"

பொய் இல்லை. உண்மையாகவே அவர் அப்படி நினைத்திருக்கிறார். என் கோபம் பாதி அங்கே இறங்கியது. "கொலுசைப் பட்டறைக்காரர்தான் தம்பி செய்யுறார். செஞ்சு முடிச்சா கூலி வாங்கிட்டுப் போறார், கொலுசையா எடுத்துட்டுப் போறார்?" என்றேன். அவருடைய மாமனாரும் பட்டறைக்காரர். தலையை ஆட்டினார்.

சமாதானம் பேசினால் வாயால் முடிக்காதீர்கள். எங்களுடையதில் எழுதியவை: எந்தெந்த மெயில், போன், கம்ப்யூட்டரில் நகல் இருந்தது என்ற பட்டியல், நிபுணர் முன்னிலையில் ஒரு நகலை முத்திரையிட்டு வக்கீலிடம் வைத்துவிட்டு மற்றதை அழிப்பது, தொழிலாளர் விவரம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்ற உறுதிமொழி, மீறினால் எவ்வளவு தொகை, சிம்மை என் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது. பார்ட்டிகளிடம் வியாபாரம் செய்யக்கூடாது என்று எழுதவில்லை. அவருக்குத் தெரிந்தவர்களிடம் அவர் போகட்டும். 7 பார்ட்டி போய்விட்டார்கள். 2 பேர் திரும்பி வந்தார்கள்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்தார். வேலையை விட்ட அன்று சாவிக்கொத்து, கூலியாட்களின் வருகை எழுதும் செக்ரோல் புத்தகம், தராசுப் படிக்கல் வரை எண்ணி ஒப்படைத்து இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுத்தான் இறங்கினார். சார்ஜ் கொடுப்பது என்பார்கள். 9 வருடம் எங்களிடம் இருந்தவரை நாங்கள் வேட்டி சட்டை வைத்துக் கொடுத்து அனுப்பினோம், சார்ஜ் வாங்கவில்லை. இப்போது வாங்குகிறோம். பட்டியல் 3 பக்கம். வேலையை விடுகிறேன் என்று சொன்ன அன்றே ஏனிடெஸ்க்கும் வங்கி உரிமையும் நிறுத்தம். கடைசி நாளில் "என்னிடம் கடைத் தகவல் எதுவும் இல்லை" என்று கையெழுத்து. அவர்கள் கம்ப்யூட்டரை 60 நாள் யாருக்கும் மாற்றிக் கொடுப்பதில்லை. சேரும்போதே ரகசியக் காப்பு ஒப்பந்தமும் உண்டு, எது ரகசியம் என்று பெயர் சொல்லி: பார்ட்டி-வாரி டச், கூலி, முன்பணக் கணக்கு, மாடல் போட்டோ. டேலியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. பேக்கப் எடுக்கும் உரிமை எனக்கு மட்டும்.

இல்லாத பார்ட்டிகளும் இப்போது வேண்டுமென்றே வைத்திருக்கிறேன், எத்தனை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உறவுக்காரர் நம்பரில். அம்மாவை மட்டும் லிஸ்ட்டிலிருந்து எடுத்தாகிவிட்டது, பஜார் முழுக்கக் கதை தெரிந்துவிட்டதே. அவருக்குத்தான் குறை. "இப்பல்லாம் ஓனர்னு ஒருத்தரும் மெசேஜ் போடறதில்லையே கண்ணு" என்கிறார்.